தொட்டிலைச் சுற்றி இருந்த கைகள்

பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இதற்கென்றே ஒரு தகரப் பெட்டி உண்டு. அப்பா உடுத்தி நைந்த வேட்டிகள், ஆச்சியின் நூல் சேலைகள் எல்லாம் துவைத்து மடித்து அந்தப் பெட்டிக்குள் போகும். வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் அதன் மூடி திறக்கும். சாத்திரம் என்று சொல்லித்தான் செய்தார்கள். ஆனால் அந்தத் துணியைக் கையில் எடுத்தாலே காரணம் விளங்கிவிடும். கடைத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும். பல வருஷம் ஆற்றில் அடித்துத் துவைத்து வெயிலில் உலர்ந்த வேட்டியில் நூலைத் தவிர வேறொன்றும் மிச்சம் இருக்காது. பச்சைப் பிள்ளையின் தோலுக்கு அதற்கு மேல் ஒரு துணி கிடையாது.

என் மகள் 1987 ஐப்பசியில் பிறந்தாள். அதற்கு முன்பே அம்மா ஜப்லாக்களைத் தைத்து அடுக்கிவிட்டாள். அளவு நாடாவெல்லாம் இல்லை. கை விரித்து ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல். துணியை நீளவாக்கில் மடித்து, குறுக்கே இன்னொரு மடிப்பு மடித்து, மூலையில் பிறையாக ஒரு வெட்டு வெட்டினால் கழுத்து. தையல் விளிம்பை வெளிப்பக்கமாக விட்டுத் தைப்பாள். உள்ளே இருந்தால் பிள்ளையின் அக்குளில் உரசிச் சிவந்துபோகும். பொத்தானும் கிடையாது, ஊக்கும் கிடையாது. முன்பக்கம் முழுக்கத் திறப்பு, அதே துணியில் கிழித்த நாடா இரண்டு. தலைவழியாக மாட்டும் சட்டை என்றால் கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்கி நிறுத்த வேண்டும். இதில் படுத்த வாக்கிலேயே ஒரு கை, மறு கை என்று நுழைத்து முடிச்சைப் போட்டுவிடலாம். கைக்கெட்டிய துணியில் ஏதோ தைத்துவிட்டதாக அதைச் சொல்லிவிட முடியாது. எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தவர்கள் யோசித்து யோசித்துத் திருத்திய வடிவம் அது.

அந்தச் சட்டையை இப்போது கடையில் விற்கிறார்கள். என் மகள் சென்னைக்குத் தெற்கே ஓர் அடுக்ககத்தில், நாலு வயசுப் பையனோடும் புரட்டாசியில் பிறந்த பெண் குழந்தையோடும் இருக்கிறாள். குழந்தை பிறப்பதற்கு முன்பே ஆன்லைனில் வரவழைத்த மஸ்லின் ஜப்லாக்களை என் முன்னால் விரித்துக் காட்டினாள். முன்பக்கத் திறப்பு, நாடா, வெளிப்பக்கத் தையல், எல்லாம் அப்படியே அம்மாவின் வெட்டு. அட்டைப்பெட்டியின் மேல் ‘பாரம்பரியம்’ என்று அச்சடித்திருந்தது. எனக்கு உள்ளபடியே சந்தோஷம். நடுவில் ஒரு காலம், நைலான் லேஸும் முதுகில் ஜிப்பும் வைத்த சட்டைகளைப் பிள்ளைகளுக்கு மாட்டி, வேர்க்குருவோடு அழவிட்டார்கள். நல்ல வடிவம் திரும்பி வந்திருக்கிறது. வாங்கிப் போடட்டும்.

பொருள் திரும்பிவிட்டது. அதைச் செய்த கைகள்தான் திரும்பவில்லை. கடந்த சில மாதமாக இந்த வீட்டில் இருந்துகொண்டு நான் யோசிப்பதெல்லாம் இதைத்தான்.

ஐப்பசி அடைமழையில் பிறந்த பிள்ளையின் மூத்திரத்துணி எப்படிக் காயும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பெரியம்மா முகம்தான் முன்னால் வரும். சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு இருந்தவள். அடுப்புக் கங்கை அள்ளி இரும்புச் சட்டியில் போட்டு, அதன்மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் முதுகில் துணிகளை விரிப்பாள். போட்டுவிட்டு எழுந்து போய்விட முடியாது. நேரத்துக்குத் திருப்பாவிட்டால் மூங்கில் பட்டையின் தடம் மஞ்சளாகத் துணியில் விழுந்துவிடும். கங்கு கொஞ்சம் கூடினால் கருகும். எடுத்த துணியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். உள்ளங்கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். “ஏட்டி, இன்னும் குளுந்துதான் கெடக்கு, பிள்ளைக்குப் போட்டுறாத” என்று மறுபடி கூடைமேல் விரிப்பாள். கடைசியில் கங்கில் ஒரு துண்டு சாம்பிராணி. இப்படிக் காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை. அந்த வேலைக்கு வீட்டில் யாரும் வேலை என்று பேர் வைக்கவில்லை. பெரியம்மா சும்மா இருக்கிறாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். பேறுகாலத் துணிகளை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், தீட்டு. சலவைத் தொழில் செய்த ஒரு பெண் கொல்லைப்புற வாசலோடு வந்து அந்த மூட்டையை வாங்கிக்கொண்டு போவார். எங்கள் அம்மா வயது இருக்கும். ஆனால் தெருவில் சின்னப் பிள்ளைகூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். உவர்மண் போட்டு ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, தாமிரபரணியில் அலசிக் கொண்டுவருவார். வெள்ளாவியின் ஆவியில் வெந்த துணியில் கிருமி தங்காது. என் பிள்ளைக்கு ஒரு சிரங்கு, ஒரு புண் வராமல் இருந்ததில் அந்த அம்மாளின் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கூலியாக அவருக்குக் கிடைத்தது வீடு வீடாக வாங்கிய சோறும், அறுப்பு முடிந்து அளக்கும் நெல்லும். பழைய பிள்ளை வளர்ப்பைப் புகழ்ந்து இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் பெரியம்மாவையும் இந்த அம்மாளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேச வேண்டும். இவர்களை விட்டுவிட்டு அந்த வேட்டித் துணியின் மென்மையை மட்டும் எடுத்துப் பேசுவது நியாயமில்லை.

அதனால்தான் டயப்பரைத் திட்டுகிறவர்களோடு என்னால் சேர முடிவதில்லை. நீர் கசியாத டயப்பர் உறையே ஒரு தாயின் வீட்டுத் தையலில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற பெண், நனைந்த துணியும் நனைந்த படுக்கையுமாக மாற்றி மாற்றிச் சலித்து, குளியலறைத் திரையை வெட்டித் தன் தையல் மிஷினில் ஓர் உறை தைத்தார். துணிக்கு மேல் அதைப் போட்டால் ஈரம் வெளியே வராது. குத்திவிடும் ஊக்குகளை எடுத்துவிட்டு அழுத்துப் பொத்தான் வைத்ததும் அவர்தான். 1949-ல் அது நியூயார்க் கடைக்கு வந்தது; 1951-ல் காப்புரிமை கிடைத்தது. அடுத்ததாக, ஒருமுறை போட்டு எறியும் காகித டயப்பரைப் பற்றி அவர் கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1961-ல்தான் பாம்பர்ஸ் வந்தது. கங்கும் கூடையும் வைத்துக்கொண்டு பெரியம்மா பட்ட பாட்டை அந்தப் பெண் தையல் மிஷினில் உட்கார்ந்து தீர்க்கப் பார்த்திருக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதைதான்.

ஆனால் டயப்பரும் ஒருவர் கைக்குத்தான் போய்ச் சேருகிறது. காலையில் அடுக்ககத்துக்கு வரும் தூய்மைப் பணியாளர் வாளிகளைக் கவிழ்த்துப் பிரிப்பதை ஒருநாள் நின்று பார்த்தேன். பாதி வீடுகளிலிருந்து டயப்பர்கள் சுற்றாமல், விரித்த வாக்கில், சோற்றோடு கலந்து வருகின்றன. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, இவற்றைத் தனியே சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கான உறையைத் தயாரிப்பாளர்களே தர வேண்டும் என்றும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பாக்கெட் எதிலும் நான் அப்படி ஓர் உறையைப் பார்க்கவில்லை. கொல்லைப்புற வாசலில் மூட்டை வாங்கிப்போன அந்த அம்மாளுக்கும் இந்தத் தூய்மைப் பணியாளருக்கும் நடுவே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. இருவர் கைக்கும் போகிற சுமையில் பெரிய மாற்றமில்லை. எங்கள் வீட்டில் இப்போது பகலுக்குத் துணி, ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் டயப்பர். அதைப் பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் தனிப் பையில் கொடுக்கிறோம். பகல் துணியை மாப்பிள்ளை வாஷிங் மிஷினில் போட்டு, பால்கனிக் கொடியில் உதறிக் காயப்போடுகிறார். 1987-ல் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார், பிள்ளையை அம்மா மடியில் வைத்துக் காட்டுவாள், பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்பில்லாதவர் இல்லை. ஆம்பிளை தொடுகிற வேலை இல்லை என்று எல்லோரும் சேர்ந்து அவரைத் தள்ளியே வைத்திருந்தோம். மாப்பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து துணி மாற்றிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை நடக்கிறார். பழைய காலத்தில் நாங்கள் பார்க்காத கை அது.

தூளி விஷயத்துக்கு வருகிறேன். ஆச்சியின் சேலையை உத்திரத்து வளையத்தில் போட்டு முடிச்சிட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே சேலை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் தொட்டில் கம்பு கொடுப்பார்கள். உள்ளே கிடக்கும் பிள்ளைக்கு அம்மாவின் வயிற்றுக்குள் இருந்த அதே வளைவு. அதனால் சட்டென்று தூங்கும். இந்த வீட்டில் கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகை ஒட்டியிருக்கிறது. வளையம் மாட்ட வழியில்லை. ஸ்பிரிங் வைத்த ஒரு இரும்புத் தொட்டில் வாங்கியிருந்தார்கள். குழந்தைகள் டாக்டர் வேறு சொல்லியிருந்தார்: ராத்திரித் தூக்கத்துக்கு மல்லாக்க, சமமான கெட்டிப் படுக்கையில், பக்கத்தில் தலையணை, பொம்மை எதுவும் இல்லாமல். என் தங்கை ஊரிலிருந்து கடுகு நிரப்பித் தைத்துக் கொடுத்தனுப்பிய தலையணையையும் எடுத்துவிடச் சொன்னார். தங்கைக்கு வருத்தம். ஆனால் டாக்டர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. குப்புறப் படுக்கவைக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் அறிவித்தது. 1994-ல் அதை அங்கே பெரிய இயக்கமாகவே நடத்தினார்கள். அதற்குப் பிறகு தூக்கத்தில் இறக்கும் சிசுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. பிள்ளையின் உயிருக்கு முன்னால் எந்தக் கைத்தையலும் பெரிதில்லை.

தூளியும் ஆபத்தில்லாதது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தூளிச் சேலையை முறுக்கி விளையாடி, கழுத்து இறுகிப்போன செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. படிக்கவே நெஞ்சு பதறும். எங்கள் வீட்டில் தூளி ஆடிய நேரமெல்லாம் அதன் அடியில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி ஒரு காலை நீட்டிக் கயிற்றைப் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்வாள். ஆச்சி எழுந்தால் பெரியம்மா. பிள்ளையின் முக்கலும் முனகலும் அவர்கள் காதை விட்டு ஒரு நொடி விலகாது. அந்தச் சேலையைப் பத்திரமாக்கியது அந்தக் காவல். தனி வீட்டில் ஒற்றை ஆளாகக் குழந்தையை வைத்துக்கொண்டு, அடுப்பையும் பார்த்து, மூத்த பிள்ளையையும் பார்க்கும் பெண்ணுக்குத் தூளி கட்டிக்கொள் என்று போனில் யோசனை சொல்வது சுலபம். அடியில் உட்காரப் போவது யார்?

வசம்பைப் பற்றியும் எனக்கு ஒரு முடிவு உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வாங்கிய சரக்கு அது. விளக்குச் சுடரில் கருக்கி, உரைகல்லில் இழைத்து, தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். நாக்கிலும் ஒரு தீற்று. வசம்புத் துண்டுகளைக் கோத்து வளையலாகக் கையில் கட்டுவார்கள். அந்த வளையல் இப்போது ஜப்லாவோடு சேர்ந்து பரிசுப் பெட்டியில் வருகிறது. வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஆய்வக விலங்குகளுக்குக் கட்டிகள் வந்ததைப் பார்த்துவிட்டு, 1968-லேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கக்கூடாது என்று தடை போட்டார்கள். நாக்கில் வைக்க வேண்டாம் என்று என் மகளிடம் நானே சொன்னேன். வளையலையும் கழற்றி வைத்தேன். எதையும் வாயில் வைக்கும் வயசு வரப்போகிறது, நூல் அறுந்தால் துண்டு தொண்டையில் சிக்கும். மையும் கண்ணுக்குள் வேண்டாம். விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து, விளக்கெண்ணெயில் குழைத்த வீட்டு மையே ஆனாலும், அதைத் தீட்டும் விரல் பிள்ளையின் கண்ணுக்குள் போகிறது. கண்ணேறு கழிய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கிறோம். என் மாமியார் இருந்தால் முகம் சுளித்திருப்பார். பாட்டிமார் தந்ததில் கொள்வதைக் கொண்டு, தள்ளுவதைத் தள்ளுகிற பொறுப்பு பாட்டிமாருக்கே இருக்கிறது. அதை இருபத்தெட்டு, முப்பது வயசுப் பெண்கள் தலையில் கட்டி, வீட்டில் சண்டையாக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நேரம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் பிறந்தபோது பேறுகால விடுப்பு 90 நாள். பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த சமயத்தில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். அதன் பிறகு பகல் முழுக்க அம்மாதான் தண்ணீர் கலந்த பசும்பாலைச் சங்கில் புகட்டினாள், அது தட்டுப்பாடானால் பால்மாவு. மதியத்துக்கு மேல் எனக்கு மார் கட்டிக்கொள்ளும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ரவிக்கை நனையும். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுவிடுவேன். அந்தப் பள்ளியில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் இதைத் தாண்டித்தான் வந்தோம், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதுகூட இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2001-ல். சொன்னால் மட்டும் போதாது, தாய்க்குப் பிள்ளையின் பக்கத்தில் இருக்க நேரம் வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2011-ல் அது ஆறு மாதமானது, 2016-ல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து ஒரு வருஷம். நான் பார்த்த அதே வேலையைப் பார்க்கிற ஓர் ஆசிரியை இன்று ஒரு வருஷம் தன் பிள்ளையோடு இருக்கலாம். இந்த ஓர் ஆணையைப் போலத் தாய்மாருக்கு உதவிய எந்தப் பொருளையும் கடையில் நான் பார்க்கவில்லை.

அந்தப் பால்மாவு டப்பாவில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, நம் பால் போதவில்லையோ என்று தாய்மார் சோர்ந்துபோவார்கள். 1992-ல் வந்த சட்டம் அந்தப் படத்தையும் விளம்பரத்தையும் நிறுத்தியது. காலி டப்பாவுக்கு மட்டும் எங்கள் வீட்டில் நல்ல வேலை கிடைத்தது: உள்ளே புளியங்கொட்டை போட்டு மூடியைத் துணியால் கட்டி, தவழுகிற பிள்ளை உருட்டிக்கொண்டே போக ஒரு சத்தச் சக்கரம்.

மூத்தவனான பேரனுக்கு நாலு வயசு. தம்பி தங்கை பிறந்த வீட்டில் மூத்த பிள்ளை படும் ஏக்கத்தைக் கைவேலை கொஞ்சம் ஆற்றும் என்று நான் நம்புகிறேன். அவன் படிக்கிற பள்ளியில் வாரத்துக்கு ஒரு ‘கிராஃப்ட்’ கேட்கிறார்கள். பிள்ளைகள் செய்வதாகப் பேர். கேட்பதோ தெர்மாகோலில் விமானம், ஐஸ் குச்சியில் கோபுரம். பச்சை உடம்போடு என் மகள் ராத்திரி பதினோரு மணிக்குச் சூட்டுப் பசைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. பையன் அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போனவன், சாயங்காலம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கை படாத பொருளைப் பற்றி ஒரு பிள்ளை என்ன பேசும்?

எங்கள் அப்பா நுங்குக் காலத்தில் பேரப்பிள்ளைகளுக்கு வண்டி செய்து கொடுப்பார். நுங்கை விரலால் நோண்டித் தின்னும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். பிறகு தின்று மிஞ்சிய நுங்குக் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து அச்சாக்கி, கவைக் கம்பை நடுவில் கொடுத்துத் தள்ளினால் தெரு முழுக்க ஓடும். கம்பு ஒடிக்க, ஓட்டை போட, கல் வைத்துத் தட்ட என்று ஒவ்வொரு வேலையிலும் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. எங்கள் ஊர்க் கடைசல் பட்டறைகளில் செய்யும் மரச்சொப்பும் அப்படித்தான். வாங்கியது என்றாலும் செய்வதைப் பார்க்காமல் வாங்கிய பிள்ளை கிடையாது. சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் கட்டியை அழுத்திப் பிடிப்பார் பட்டறைக்காரர். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் வளையம் வளையமாக ஏறும். சிவப்பு ஏறி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அம்மி, உரல், திருகை, குடம் எல்லாம் ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இந்த ஊரில் நுங்கு வண்டிக்குத் தெருவில்லை. அதனால் அவனுக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தேன். கான்பூர் ஐஐடியில் படித்து, 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பள்ளிகளுக்குப் போய், குப்பையில் கிடக்கும் பொருட்களிலிருந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் அரவிந்த் குப்தா. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் வைத்து அவர் செய்த வடிவங்கள் அறிவொளி இயக்க நாட்களில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, மதியத்துக்கு மேல் ஒரு பிள்ளைகூட வகுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. மருந்தைச் சுரண்டிய தீக்குச்சியின் இரு முனையில் டியூப் துண்டு. துண்டுகளைக் கோத்துக்கொண்டே போனால் முக்கோணம், சதுரம். சதுரத்தை விரலால் அமுக்கினால் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது. பாலத்துக்கும் கூரைக்கும் ஏன் முக்கோணம் என்று கேட்டால், அந்தப் பிள்ளை விரலாலேயே பதில் சொல்லும். பேரன் சின்னவன், துண்டுகளை வாயில் போட்டுவிடக்கூடாது என்று நான் பக்கத்திலேயே இருக்கிறேன். முதல் சதுரம் கோணிக்கொண்டு விழுந்ததும், “ஆச்சி, இது ஏன் படுத்துக்கிச்சு?” என்றான். குறுக்கே ஒரு குச்சி கொடுக்கலாமா என்று அவனே யோசித்தான். நேராக நின்றதும் தங்கச்சியிடம் எடுத்துப்போய்க் காட்டினான். அவளுக்காக முதன்முதலாக அவன் எடுத்துப்போன பொருள் அது.

வகுப்பு ஆசிரியையை நேரில் போய்ப் பார்த்தேன். நானும் ஆசிரியைதான் என்பதால் மரியாதையாகவே பேசினார். பெற்றோர் செய்து தருவது தனக்கும் தெரியும் என்றும், மற்ற வீட்டுப் பொருட்களுக்கு நடுவே பிள்ளை செய்தது மங்கித் தெரியும் என்று பெற்றோரே பயப்படுகிறார்கள் என்றும் சொன்னார். இனிமேல் இவன் கோணலாகச் செய்ததைத்தான் கொண்டுவருவான், அதையே சுவரில் மாட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். போன வாரம் மாட்டியிருக்கிறார்.

இனி மகளின் வேலை. தனியார் நிறுவனங்களுக்கு 2017-ன் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு. பங்குனியில் அவள் திரும்பியாக வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அவள் அலுவலகத்தில் காப்பகம் என்று காட்டுவது இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. போய்வரவே அரைமணி ஆகும், பால் கொடுப்பது எப்போது? விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், வீட்டிலிருந்தே பார்க்க இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்ற பிரிவும் அதில் இருக்கிறது. “கேட்டா என்னம்மா நெனப்பாங்க?” என்று தயங்கினாள். “நீ சட்டத்துல உள்ளதக் கேக்குத, கடன் கேக்கல” என்று சொல்லி, அந்தப் பிரிவை அச்செடுத்து அவள் பைக்குள் வைத்தேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து என்று எழுதிக் கேட்டிருக்கிறாள். மேலாளர் பொங்கலுக்குப் பிறகு பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். எப்படியிருந்தாலும் சித்திரை முடிய நான் இங்கே இருக்கிறேன். வைகாசியில் மாப்பிள்ளையின் அம்மா வந்து ஆவணி வரை இருப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். ராத்திரிப் பாதி மாப்பிள்ளையுடையது, அதில் மாற்றமில்லை.